சீனியப்பன் கேட்ட அட்டவணை

சீனியப்பன் அன்று செருப்பைக் கழற்றாமலே உடற்பயிற்சிக் கூடத்துக்குள் போனார். எடை தூக்கும்போது இடுப்பில் கட்டும் தோல் பெல்ட்டை மாஸ்டரின் காலடியில் போட்டார்.

"இதை நீங்களே வச்சுக்கோங்க மாஸ்டர். நீங்க சொல்லிக் குடுத்த எதுவும் எனக்கு உதவல."

விருதுநகரில் ஒரு எண்ணெய்க் கிடங்கின் மாடியில் இருந்தது அந்தக் கூடம். தாவீது மாஸ்டர் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஒல்லியான ஆள். பெல்ட்டைக் குனிந்து எடுத்து ஆணியில் மாட்டினார்.

"செருப்பை வெளியில விட்டுட்டு வாங்க அண்ணாச்சி. பேசலாம்."

செருப்பை விட்டுவிட்டு வந்தபோது சீனியப்பனின் கோபம் கூடித்தான் இருந்தது.

பருப்பு மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, பிறகு தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரியாக ஆனவர் அவர். மேஸ்திரி ஆனபின் தொந்தி விழுந்தது, மூச்சு வாங்கியது. கூடத்தில் சேர வந்த அன்று மாஸ்டர் எதற்கென்று கேட்டார். உடம்பில் பலம் வேண்டும் என்றார் சீனியப்பன். அதற்கு மேல் சொல்லவில்லை. பக்கவாதம் வந்த மனைவி பாக்கியத்தாயைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற மூச்சு முட்டுகிறது என்று ஒரு மூட்டைக்காரன் எப்படி வாய்விட்டுச் சொல்வான்?

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டினார். முதலில் தோளுக்கு ஒரு நாள், காலுக்கு ஒரு நாள் என்று பிரித்துக் கொடுத்தீர்கள், செய்தேன். பிறகு அதை மாற்றி ஒரே நாளில் உடம்பு முழுவதற்கும் கொடுத்தீர்கள், செய்தேன். தண்டால், பஸ்கி, கயிறு என்று நிற்காமல் சுற்றிவரச் சொன்னீர்கள். கொஞ்ச தூரம் ஓடு, கொஞ்ச தூரம் நட என்றீர்கள். பெரிய எடை முதலில், சின்ன எடை பிறகு என்றீர்கள். களைத்த கையோடு எடை மாட்டிய ராடைத் தொடாதே என்றீர்கள். ஒன்றையாவது மீறியிருக்கிறேனா? தரையிலிருந்து நான் தூக்குகிற ராடை இங்கே எத்தனை பேர் தூக்குவார்கள்?

"யாரும் தூக்க மாட்டாங்க," என்றார் மாஸ்டர்.

"அப்புறம் ஏன் இன்னைக்குக் காலையில என் பொண்டாட்டி என் கையிலிருந்து கீழ விழுந்தா?"

கூடத்தில் எடைத் தட்டுகளின் சத்தம் நின்றது.

அடிபட்டதா என்று மாஸ்டர் கேட்டார். அடி இல்லை, வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள் என்றார் சீனியப்பன். விழுந்ததுகூடப் பெரிதில்லை. மறுபடி தூக்கப் போனபோது பாக்கியத்தாய் நல்ல கையால் அவர் நெஞ்சைத் தள்ளினாள். நோய் வந்தபின் அவள் பேச்சு கொஞ்சம் குழறும். அன்று குழறவே இல்லை.

"தொடாதீங்க. சாந்தாவக் கூப்பிடுங்க."

பக்கத்து வீட்டுச் சாந்தா குச்சி போல இருப்பாள். கேஸ் சிலிண்டரை நகர்த்தக்கூடத் தெருவில் ஆள் தேடுகிறவள். அவள் உள்ளே போனதும், கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கும்படி அவரிடம் சொன்னாள் பாக்கியத்தாய். சொந்த வீட்டு வாசலில் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளிருந்து மூச்சிரைப்பு கேட்கவில்லை, முனகல் கேட்கவில்லை. உள்ளே இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். கதவு திறந்தபோது பாக்கியத்தாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இனிமேல் சாந்தாதான் வருவாள் என்றாள்.

"அந்தப் பிள்ளை என்ன தண்டால் எடுத்துச்சா? ராடு தூக்குச்சா? எனக்கு நீங்க குடுத்தது தப்பான அட்டவணை மாஸ்டர். சரியானதைக் குடுங்க. இல்ல, தெரியாதுன்னு சொல்லிருங்க. நான் வேற இடம் பாக்கிறேன்."

மாஸ்டர் பாயை விரித்து மல்லாந்து படுத்தார்.

"என்னைத் தூக்குங்க."

சீனியப்பனுக்கு அவமானமாக இருந்தது. ராடில் அவர் போடும் எடையில் பாதிகூட இருக்க மாட்டார் இந்த மனுஷன். குனிந்தார், முதுகை நேராக வைத்தார், அக்குளில் கைகொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தார். மாஸ்டரின் தலை பின்னால் தொங்கியது. கைகள் ஈரத்துணி போல நழுவின. சட்டைதான் மேலே வந்தது. ஆள் பாயில் கிடந்தார்.

"இன்னொரு தடவை."

இந்தத் தடவை கோபத்தையும் சேர்த்துத் தூக்கினார். முழங்கால் உயரம் வந்து உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. சீனியப்பனும் சேர்ந்து சரிந்தார்.

"மூட்டைக் கொக்கியப் போட்டு இழுங்க அண்ணாச்சி," என்றார் மூலையில் நின்ற வத்தல் வியாபாரி. இரண்டு பேர் சிரித்தார்கள்.

சீனியப்பன் அவரை முறைத்துவிட்டு மாஸ்டரிடம் திரும்பினார். "வேணும்னே கனமாக் கிடக்கிறீங்க. ராடுன்னா பிடிக்க இடம் இருக்கு. இதுல எங்க பிடிக்க?"

மாஸ்டர் படுத்தபடியே கேட்டார். "மார்க்கெட்டுல பெரிய மூட்டைய ரெண்டு பேர் சேர்ந்து தூக்குவீங்கள்ல. எப்படித் தூக்குவீங்க?"

"இதென்ன கேள்வி? ஆளுக்கொரு பக்கம் பிடிப்போம். ஒருத்தன் 'ம்'னு குரல் குடுப்பான். 'ம்' விழுந்தாத்தான் கை போகும்."

"குரல் குடுக்காமத் தூக்கினா?"

"எதிர்ல நிக்கிறவனுக்கு இடுப்பு போயிரும்."

"போகலேன்னு வச்சுக்குவோம்."

"போகலேன்னாலும் அதுக்கப்புறம் அவன் என்கூட வேலைக்கு நிக்க..."

சீனியப்பன் அங்கேயே நிறுத்திவிட்டார்.

மூலையில் யாரோ ராடை மெதுவாகத் தரையில் வைத்தார்கள். சீனியப்பன் தன் கைகளைப் பார்த்தார். நோய் வந்த நாளிலிருந்து பாக்கியத்தாயை எத்தனை முறை தூக்கியிருப்பார். ஒருமுறைகூட அந்த 'ம்' சத்தம் அவர் தொண்டையிலிருந்து வந்ததில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்து, அவள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாலும் தூக்கிவிடுவார்.

"டாக்டர் அவங்களைக் காலை ஊன வேண்டாம்னு சொன்னாரா?" என்றார் மாஸ்டர்.

"பிடிச்சுக்கிட்டு ஊனலாம்னாரு. தினமும் கொஞ்சம் நிக்க வைங்கன்னாரு. நான்தான் விடல. விழுந்துட்டா?"

மாஸ்டர் கூரையைப் பார்த்தார். "தூக்குங்க அண்ணாச்சி."

சீனியப்பன் பாயருகில் மண்டியிட்டார். கையைக் கொடுத்தார். உடனே இழுக்கவில்லை. வாயைத் திறந்தார். மார்க்கெட் முழுக்கக் கேட்கிற குரல் அது. இப்போது தனக்கே கேட்காத மாதிரி வந்தது.

"ம்."

மாஸ்டரின் ஒரு கால் மடங்கியது. பாதம் பாயில் ஊன்றியது. ஒரு கை சீனியப்பனின் தோளைப் பிடித்தது. அடுத்த நொடி இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். கையில் கனமே தெரியவில்லை.

அது அவரை இன்னும் எரிச்சல்படுத்தியது.

"அப்ப இத்தனை மாசம் நான் உசுரக் குடுத்துத் தூக்குனது வீணா?"

"வீணில்ல. நடுவுல அவங்க கால் தளர்ந்தா நீங்க தாங்கணும்ல. அதுக்கு ஆகும்."

"சரி. அப்ப இதுக்கு ஏத்த மாதிரி புதுசாப் போடுங்க. எந்தெந்த நாள், எத்தனை தடவை, நடுவுல எவ்வளவு நேரம் ஓய்வு. எல்லாம் போடுங்க. இன்னைக்கே ஆரம்பிக்கிறேன்."

மாஸ்டர் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் போனார். சீனியப்பன் பெயரை எழுதினார். எழுதிவிட்டுத் திரும்பினார்.

"நல்ல கால்ல அவங்க எவ்வளவு நேரம் நிப்பாங்க?"

"நிக்க விட்டதில்லையே."

"கட்டில் சட்டத்தைப் பிடிச்சா கை தாங்குமா?"

சீனியப்பன் யோசித்தார். "தெரியல."

"காலையில நல்லா இருப்பாங்களா, சாயங்காலமா?"

"தெரியல மாஸ்டர்."

"எத்தனை தடவையில களைப்பாங்க?"

சீனியப்பன் தலையை மட்டும் ஆட்டினார்.

"இதெல்லாம் யாருக்குத் தெரியும்?"

சீனியப்பன் கரும்பலகையில் இருந்த தன் பெயரைப் பார்த்தார்.

மாஸ்டர் சீனியப்பனின் பெயரைக் கையாலேயே அழித்தார்.

"அட்டவணைய அவங்ககிட்டப் போய்க் கேளுங்க அண்ணாச்சி. குடுத்தா செய்ங்க. குடுக்கலேன்னா, நாளைக்கும் போய்க் கேளுங்க."