செவ்வாய்க்கிழமை வந்தவர்

"இது என் மட்டை இல்லீங்க மாஸ்டர்," என்றார் குழந்தைவேல்.

பூங்கோதை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏதோ ஒரு பழைய கோல்ஃப் மட்டையின் கைப்பிடிக்குப் புது ரப்பர் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்ணா," என்றாள். "உங்களது இல்லை."

குழந்தைவேலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சண்டை போடுவதற்கென்று வீட்டிலிருந்தே நாலு வார்த்தை கட்டிக்கொண்டு வந்திருந்தார். நாலுக்கும் வேலையே இல்லாமல் போய்விட்டது.

"அப்ப யாரோடதுங்க?"

"போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை ஒருத்தர் அளவு கொடுக்க வந்தாரு. அவரோடது."

"அது நான்தானுங்களே."

"அப்படிங்களா?" என்றாள் பூங்கோதை. இப்போதுதான் நிமிர்ந்தாள். அவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். திரும்பவும் ரப்பரை எடுத்துக்கொண்டாள்.

"அவரைக் கூட்டிட்டு வாங்க. கொடுத்துடறேன்."


மலை அடிவாரத்தில் ஒரு கோல்ஃப் மைதானம். அதன் ஓரமாக, தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. பட்டறை பூங்கோதையுடையது.

மைதானத்தில் ஆடுகிற ஒவ்வொருவருக்கும் உடம்புக்கும் கைக்கும் தகுந்தபடி அளவெடுத்து, இரும்புத் தலை வைத்த அயர்ன் மட்டை செய்து கொடுப்பாள். ஆட்டமும் சொல்லிக் கொடுப்பாள். முப்பத்துநாலு வயதுதான். அவள் அப்பா வயதுக்காரர்களும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கேள்வி கேட்டால் பாதிதான் பதில் வரும். மீதி, வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்கும்போது வரும்.

குழந்தைவேல் தண்ணீர் பம்ப் செய்கிற கம்பெனி முதலாளி. ஐம்பத்தாறு வயது. ஆறு வருஷமாக அவளிடம் ஆட்டம் கற்றுக்கொள்கிறவர்.

அன்றைக்கு அவர் தனியாக வரவில்லை. சிறுவயதுக் கூட்டாளி சென்னியப்பனும் கூட வந்திருந்தார். மைதானத்து அணிக்கு அவர்தான் கேப்டன்.

"அம்மிணி, இவன் பொண்ணு பாக்கப் போனப்பவும் இதே கதைதான்," என்றார் சென்னியப்பன், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டே. "பொண்ணு சரியில்லைன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டான். பாத்தா, பக்கத்து வீட்டுக்குள்ள போயி உக்காந்திருக்கான்."

"நீ கொஞ்சம் சும்மா இருடா."

"நான் சும்மாதானடா இருக்கேன். பந்துதான் சும்மா இல்லை. நேத்து இவன் அடிச்சது, அம்மிணி, நேரா போறதுக்குப் பதிலா வாட்ச்மேன் சைக்கிளுக்குப் போயிருச்சு. வலது பக்கம் மட்டும் கண்ணு தெரியற பந்து மாதிரி."

குழந்தைவேல் சிரிக்கவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் மலை மேலே நடக்கும் போட்டிக்கு நாலு பேரை எடுப்பார்கள். எடுக்கிறவர் சென்னியப்பன். அணி ஆரம்பித்த நாளிலிருந்து அந்த நாலில் குழந்தைவேல் இல்லாமல் இருந்ததில்லை.

இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். முந்தின வருஷம், அணியில் இருந்த ஆறுச்சாமி, முட்டி கொஞ்சம் வலிக்குது என்று பேச்சுவாக்கில் சொன்னார். எல்லோரும் பாவப்பட்டார்கள். அடுத்த வாரம் அவர் கையில் ஸ்கோர் அட்டையையும் ஒரு குடையையும் கொடுத்து ஓரமாக உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாள் குடை பிடித்துப் பார்த்தார். பிறகு வருவதே இல்லை.


"ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் கொடுங்க மாஸ்டர்," என்றார் குழந்தைவேல்.

"எதைங்ணா?"

"மட்டையத்தான்."

"மட்டைக்கு ஒண்ணும் இல்லையே. நல்லா இருக்குது."

"அப்ப அளவு தப்பு."

"அளவும் சரிதான்." ரப்பரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைக் காட்டினாள். "அங்க பாருங்க."

நீலச் சுண்ணாம்பு அடித்த சுவர். அதில் சாக்பீஸ் கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெயர். மட்டையைப் பின்னால் தூக்கி வீசும்போது ஒருவருடைய கை எந்த உயரம் வரை போகிறதோ அங்கே ஒரு கோடு போட்டு வைப்பாள். கை உயரமாகப் போய் வேகமாக இறங்குகிறவருக்கு மட்டைத் தண்டு, அதாவது ஷாஃப்ட், விறைப்பாக, கனமாக இருக்கும். அவ்வளவு போகாதவருக்கு லேசானது, வளைந்து கொடுப்பது.

குழந்தைவேல் என்ற பெயர் எல்லாப் பெயருக்கும் மேலே இருந்தது.

"இளவட்டப் பசங்களே அவ்வளவு தூக்கறதில்லை," என்றாள். "அந்தக் கோட்டுக்குத்தான் மட்டை செஞ்சேன்."

"பாத்தயா," என்றார் சென்னியப்பன். "அப்பவே நெனச்சேன், இவன் ஏணி போட்டு ஏறியிருப்பான்னு."

குழந்தைவேல் சுவரைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார்.


ஜாக்கெட் தைக்க அளவு கொடுக்கப் போகிற பெண்கள் எல்லோரும் ஒரு காரியம் செய்வோம். டெய்லர் டேப்பை எடுத்ததும் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வோம். தைத்து வந்த பிறகு கொக்கி மாட்டாது. திட்டு விழுவது டெய்லருக்குத்தான்.

குழந்தைவேல் மூச்சைப் பிடிக்கவில்லை. அதற்கும் ஒரு படி மேலே போயிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், பட்டறைக்கு வருகிற வழியில், டவுனில் ஒரு டாக்டரிடம் போய் வலது தோளில் ஒரு ஊசி போட்டுக்கொண்டார். ஆடி மாதத்திலிருந்து பூட்டிக்கொண்டிருந்த தோள், அன்றைக்கு ஒரு பகல் மட்டும் கதவு மாதிரித் திறந்துகொண்டது. அளவு கொடுத்தார். காரில் பாட்டுப் போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

ஊசியின் வேகம் மறுநாளே இறங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் மட்டை வந்தது.

இது அவர் மனைவிக்கே தெரியாது. சட்டையைக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான் மாட்டினார்.


"சரிங்ணா," என்றாள் பூங்கோதை. "இன்னொரு தடவை வீசுங்க. பாப்போம்."

குழந்தைவேல் மட்டையை எடுத்தார். தரையில் விரித்திருந்த பயிற்சிப் பாயில் நின்றார். பந்து வைக்காமல் சும்மா வீசவேண்டியதுதான்.

அவள் பார்க்காதவரை தோள் தொங்கியிருந்தது. அவள் பார்த்ததும் நிமிர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். மட்டை மேலே போனது, முக்கால்வாசி அந்தக் கோடு வரைக்கும். இறங்கும்போது அவர் முகத்தில் ஒரு நிறம் குறைந்தது. உடனே சிரித்தார்.

"எப்படிங்க?"

"அதே ஆளுதான் வந்திருக்காரு," என்றாள். "அவரைப் போகச் சொல்லுங்க."

"யாரை?"

"செவ்வாய்க்கிழமை வந்தவரை."

"அம்மிணி, எனக்குத் தலை சுத்துது," என்றார் சென்னியப்பன். "இதுல எத்தனை குழந்தைவேலு இருக்கறான்? ஒருத்தனையே எங்களால வெச்சு மேய்க்க முடியலை."

அதற்குள் டீ வந்தது. மூன்று கிளாஸ். குழந்தைவேல் இடது கையை நீட்டி வாங்கினார்.

பூங்கோதை அந்தக் கையைப் பார்த்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் வலது கையால் டீ குடித்திருந்தார்.


டீ உள்ளே போனதும் குழந்தைவேலுக்குக் கோபம் திரும்பி வந்தது.

"மாஸ்டர், நானும் அளவு பாக்கற தொழில்தான் பண்றேன். கால் மில்லி பிசகுனாலும் பம்ப் தண்ணி எடுக்காது. டெஸ்ட் பண்ணாம ஒரு பம்ப்பை நான் வெளிய விட்டதில்லை. டெஸ்ட்ல ஓடுனா, தோட்டத்துலயும் ஓடணும். இதுல பந்து மட்டும் ஏன் ஓட மாட்டேங்குது?"

"டெஸ்ட் பண்றப்ப பம்ப் வெக்கப்படுமாங்ணா?"

"என்னது?"

"முதலாளி பாக்கறாருன்னு ரெண்டு வாளி தண்ணி சேத்து ஊத்துமா?"

சென்னியப்பன் டீயைத் துப்பிவிட்டார். சட்டையெல்லாம் டீ.

குழந்தைவேல் கிளாஸைக் கீழே வைத்தார். காது மடல் சிவந்துவிட்டது. எழுந்து போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டார். அவர் தலைக்கு மேலே அவருடைய கோடு இருந்தது.

"விடுடா," என்றார் சென்னியப்பன், சட்டையைத் துடைத்துக்கொண்டே. "திருப்பிக் கொடுத்துட்டு வேற இடம் பாப்போம். டவுன்ல ஒருத்தன் மெஷின்லயே அளவெடுக்கறானாம்."

"வேண்டாம்," என்றார் குழந்தைவேல் சட்டென்று.

அதைச் சொன்ன வேகத்தில் அவருக்கே திக்கென்றது. மெஷினுக்கு வெட்கம் கிடையாது. போய் நின்றால் உள்ளதைக் காட்டிவிடும்.

பூங்கோதை எழுந்தாள். அவருடைய புது மட்டைப் பையைத் திறந்தாள். எல்லாம் பளபளவென்று இருந்தன, இன்னும் ஒட்டுத்தாள்கூட உரிக்காதவை சில.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்ணா. அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தவரு திரும்பி வருவாரா?"

குழந்தைவேல் காலடியைப் பார்த்தார்.

"தெரியலீங்க," என்றார்.

"வருவாருன்னா நான் எடுத்து வெக்கறேன். எத்தனை நாள் ஆனாலும் சரி."

சென்னியப்பனுக்குக் கேட்காத குரலில் அவர் சொன்னார்:

"வர மாட்டாரு."

"சரி," என்றாள்.

ஒரு மட்டையை எடுத்து வைஸ் இடுக்கியில் வைத்து முறுக்கினாள். ஆணியில் தொங்கிய, இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடை எடுத்தாள். புது மட்டையின் ஷாஃப்டில் நட்டநடுவில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

கிரீச் என்றது.

"ஐயோ, அம்மிணி," என்றார் சென்னியப்பன்.

இன்னொரு இழுப்பு. இன்னொன்று. மட்டை இரண்டாகி, தலைப்பக்கம் கீழே விழுந்து சிமென்ட் தரையில் கணீரென்று உருண்டது.




சென்னியப்பனின் இரண்டு கையும் அவர் தலைமேல் இருந்தன. எழவு வீட்டில் நிற்கிறவர் மாதிரி நின்றார்.

குழந்தைவேலின் கையும் தலைக்குத்தான் கிளம்பியது. யோசித்துக் கிளம்பவில்லை, அதுபாட்டுக்குக் கிளம்பியது.

இடது கை தலைக்குப் போய்விட்டது.

வலது கை போகவில்லை. நெஞ்சுக்குக் கொஞ்சம் மேலே, தோளுக்குக் கொஞ்சம் கீழே, அந்தரத்தில் நின்றுவிட்டது. விரல்கள் மட்டும் விரிந்து தலையைத் தேடின.

அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது மட்டைக்காக வந்த சத்தம் இல்லை.

சென்னியப்பன் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய இரண்டு கையும் தலையிலிருந்து மெதுவாக இறங்கின.

"அப்படியே இருங்ணா," என்றாள் பூங்கோதை.

ஆக்சா பிளேடைக் கீழே போட்டுவிட்டு சாக்பீஸை எடுத்தாள். நடந்து வந்தாள். அந்த வலது கை நின்ற உயரத்தில், சுவரில், ஒரு சின்னக் கோடு இழுத்தாள்.

"இப்ப இறக்குங்க. மெதுவா."

குழந்தைவேல் இறக்கினார். இடது கையால் வலது கையைத் தாங்கி இறக்கவேண்டியிருந்தது. மறைக்க இனி ஒன்றும் இல்லை என்பதால் தாங்கிக்கொண்டார்.

"எப்ப இருந்துடா?" என்றார் சென்னியப்பன். கேலி பண்ணுகிற குரலே இல்லை அது. இப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பது குழந்தைவேலுக்கே தெரியாது.

"ஆடியில இருந்து."

"ஏன்டா சொல்லலை?"

"சொன்னா நீ குடையைக் கொடுத்துருவ."

சென்னியப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆறுச்சாமியின் முகம் ஞாபகம் வந்திருக்கவேண்டும். வாயை மூடிக்கொண்டார். குனிந்து, தரையில் கிடந்த மட்டைத் தலையை எடுத்து, சட்டை நுனியால் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"ஞாயித்துக்கிழமைக்கு வேற ஆளைப் போட்டுக்கடா," என்றார் குழந்தைவேல்.

சொல்லிவிட்டு அதிர்ந்து நின்றார். இத்தனை மாதமாகப் பூட்டி வைத்த வார்த்தை. சொன்னால் கூரை இடிந்து விழும் என்று நினைத்திருந்தார். தகரக் கூரை அப்படியேதான் இருந்தது.

"இங்க கேப்டன் நீயா நானா?" என்றார் சென்னியப்பன், தலையை நிமிர்த்தாமல். "மட்டை வரட்டும். அடி. பாக்கறேன். தேறுனா வருவ, தேறலைன்னா வீட்டுல இருப்ப. குடை கிடையாது."

பூங்கோதை துப்பட்டா நுனியை எடுத்து, எல்லாப் பெயருக்கும் மேலே இருந்த அந்தக் கோட்டை அழித்தாள். அதன் பக்கத்திலிருந்த பெயரையும் அழித்தாள். கீழே, புதுக் கோட்டுக்குப் பக்கத்தில், குழந்தைவேல் என்று எழுதினாள்.

அப்புறம் ஸ்டூலைத் தட்டி அவர் பக்கமாக நகர்த்தினாள்.

"வாங்ணா, உக்காருங்க," என்றாள். "போன மாசம் செவ்வாய்க்கிழமையில இருந்து உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கேன்."