பிஞ்சைக் காட்டிய விரல்

அந்தக் காலத்தில் கொடிக்கும் பேச்சு உண்டு, ஈக்கும் பேச்சு உண்டு. கேட்டால் பதில் சொல்லும். கேட்காவிட்டால் தன் பாட்டுக்கு இருக்கும். அப்போது ஓர் ஆற்றங்கரையில் ஏழே ஏழு வீடுகள் இருந்தன. அதில் ஒரு வீட்டுக்காரி மயிலாத்தா.

மயிலாத்தாவுக்கு எதைப் பார்த்தாலும் அதிசயம்தான். ஓர் எறும்பு நொய்யரிசியைத் தூக்கிக்கொண்டு சுவரேறினால், அது உச்சிக்குப் போய்ச் சேரும்வரை நின்று பார்ப்பாள். அதற்குள் அடுப்பில் கூழ் அடிப்பிடித்துவிடும். "அட சாமி, என்ன வடிவு!" என்று வாய்விட்டுச் சொல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

அவளுக்கு அடுத்த வீடு நாச்சாயியுடையது. நாச்சாயியின் புருசன் மாரப்பன் ஆடி மாதத் தொடக்கத்தில், ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியபோது, அக்கரைக் காட்டுக்குக் கிழங்கு தோண்டப் போனான். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் ஆறு இரண்டு கரையையும் முட்டிக்கொண்டு ஓடுகிறது. அந்த வெள்ளம் வடிய இனித் தை பிறக்க வேண்டும். நாச்சாயிக்கோ அப்போது ஐந்தாவது மாதம்.

படகு என்ற ஒன்றை அந்த ஊர் பார்த்ததில்லை. வெள்ளத்தில் ஆற்றைக் கடக்க வேண்டுமென்றால், நன்றாகக் காய்ந்த சுரைக்குடுவை இரண்டைச் சேர்த்துக் கட்டி, அதை அணைத்துக்கொண்டு நீந்துவார்கள். இருந்த பழைய குடுவைகளை எலி கொறித்துவிட்டது. அந்தக் கோடையில் எல்லார் வீட்டுச் சுரையும் கருகியபோது, நாச்சாயி வீட்டுக் கொடி ஒன்றுதான் தப்பிப் பந்தலேறியிருந்தது. அதில் இரண்டு காய் முற்றினால் போதும். உலர்த்திக் கட்டி ஆற்றின் மேல் வளைவில் விட்டால், தண்ணீரே அதை அக்கரையில் கொண்டுபோய் ஒதுக்கும்.

நாச்சாயி தினமும் காலையில் பந்தலுக்கு வருவாள். மாரப்பன் எதிர்க்கரைப் பாறையில் வந்து நிற்பான். ஆற்றின் இரைச்சல் பாதிப் பேச்சை விழுங்கிவிடும்.

"பூத்திருக்குதுங்க மாமா!"

"என்னது?"

"பூ! பூத்திருக்குது!"

பிஞ்சு விட்ட அன்று அவளுக்குக் கத்தவும் தோன்றவில்லை. கையை நீட்டி, விரலால் காட்டினாள். பந்தலில் இங்கே ஒன்று, இலைக்கு அடியில் அங்கே ஒன்று, மூலையில் இன்னொன்று. அக்கரையில் மாரப்பன் துண்டைச் சுழற்றிக் குதித்தான்.

மூன்றாம் நாள் அந்தப் பிஞ்சுகள் மஞ்சளாகிச் சூம்பி விழுந்தன. அடுத்து விட்டதும் விழுந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. நாச்சாயி தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினாள். மோர் ஊற்றினாள். மண்ணைக் கிளறி எரு வைத்தாள். பிஞ்சு நிற்கவில்லை, போதாததற்கு இலையும் வெளுக்கத் தொடங்கியது.

ஒரு நாள் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் மயிலாத்தாவின் தலை தெரிந்தது. "அட சாமி, இந்தப் பூவைப் பாரேன், பால்ல தோச்ச மாதிரி!" என்றாள் மயிலாத்தா.

நாச்சாயி கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள்.

"அக்கா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். இனிமே இந்தப் பக்கம் பாக்காதீங்க."

"ஏன் புள்ள?"

"நீங்க ஆகா ஓகோங்கறீங்க, அது பொத்துனு விழுகுது. உங்க கண்ணு பட்டுத்தான் எல்லாம் போவுது. எம் புருசன் அங்க கெடக்கறாரு. என் வயித்துல ஒண்ணு கெடக்குது. என்னை விட்டுருங்க."

மயிலாத்தா வேலியை விட்டு விலகினாள். வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் கிணற்றடியில் மற்ற பெண்கள் அவளைக் கண்டதும் குடத்தை முந்தானையால் மூடினார்கள். ஒருத்தி குழந்தையின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பார்த்துத்தான் பட்டுப்போகிறதோ என்று மயிலாத்தாவுக்கே பயம் வந்துவிட்டது. இரண்டு நாள் தரையைப் பார்த்தே நடந்தாள். தன் வீட்டுப் பசுங்கன்றைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் முருங்கைக்கீரை ஒடிக்க அண்ணாந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நாச்சாயி வீட்டுக் கொடியின் ஒரு கை வேலியைத் தாண்டி வந்து அவளுடைய முருங்கையில் ஏறியிருந்தது. அதில் தொடைப் பருமனுக்கு ஒரு சுரைக்காய் தொங்கியது. வடு இல்லை, வாட்டம் இல்லை. அந்தக் காயை அவள் பிஞ்சிலிருந்து தினமும் பார்த்துவந்தாள். முந்தின வாரம் அதனிடம் கொஞ்சியதுகூட நினைவு வந்தது.

"என் கண்ணு பட்டு விழறதுன்னா, முதல்ல நீயில்ல விழுந்திருக்கணும்?" என்றாள் காயைப் பார்த்து. பிறகு கொடியைக் கேட்டாள். "ஏனம்மிணி, உனக்கு என்னதான் நோவு? தாகமா?"

"தாகமா!" என்றது கொடி. "வேரு மூச்சு முட்டிக் கெடக்குது. இன்னும் ரெண்டு குடம் ஊத்தினா அழுகியே போவேன். அவ இப்படி ஊத்தறதுக்கு முந்தி எனக்கு ஒரு குறையும் இல்லை. பிஞ்சுதான் ஒவ்வொண்ணா உள்ளுக்குள்ளேயே செத்துப்போவுது."

"எப்படி?"

"சுருக்குனு ஒரு குத்து. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

வேலி ஓரம் விழுந்து கிடந்த பிஞ்சு ஒன்றை மயிலாத்தா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எறும்பின் பின்னால் மணிக்கணக்காக நின்ற கண்ணல்லவா! கடுகில் பாதி அளவுக்கு ஒரு துளை இருந்தது. அதன் வாயில் பிசின் ஒரு சொட்டு கண்ணாடி மணிபோல் உறைந்திருந்தது. பிஞ்சைப் பிளந்தாள். உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன.

குத்தியது யார் என்று தெரிய வேண்டும். மறுநாள் விடிந்ததும் முருங்கை மறைவில் நின்றாள். வழக்கம்போல நாச்சாயி வந்தாள், புருசனுக்கு விரல் நீட்டிக் காட்டினாள், போனாள். அவள் போன கையோடு, இடுப்பில் மஞ்சள் பட்டை போட்ட ஓர் ஈ பந்தல் காலிலிருந்து கிளம்பியது. அங்கே இங்கே அலையாமல், அவள் காட்டிய பிஞ்சுக்கே நேராகப் போய் உட்கார்ந்தது.

மயிலாத்தாவுக்குப் பொறி தட்டியது. இருந்தாலும் பார்த்துவிடுவோம் என்று, தன் பக்கத்திலிருந்த துணி துவைக்கும் கல்லை நோக்கி விரலை நீட்டினாள். ஈ வந்தது. கல்லின் மேல் உட்கார்ந்து, வாலால் குத்திப் பார்த்து, "ஐயோ!" என்றது.

"யாரு நீ? இங்க என்ன வேலை?"

"வேற என்ன வேலை? முட்டையைச் சுமந்துக்கிட்டு அலையறேன்" என்றது ஈ. "இந்தக் கொடியில இலையும் பச்சை, பிஞ்சும் பச்சை, ரெண்டு மேலயும் பூனைமுடி. எது எதுன்னு எனக்குத் தெரியலை. இலையைக் குத்திக் குத்தி ஓஞ்சுபோனேன். அப்பத்தான் அந்தப் புள்ள விரலை நீட்டினா. விரல் நுனியில இருந்து கோடு பிடிச்ச மாதிரி பறந்தேன். பிஞ்சு! அதுக்கப்புறம் நான் தேடறதே இல்லை. காலையில வந்து விரலுக்குக் காத்திருப்பேன்."

"அட சாமி, இத்தனூண்டு தலைக்குள்ள எத்தனை மூளை!" என்று மயிலாத்தா தன்னையறியாமல் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் கோபம் வந்தது.

வேலியில் நின்று நாச்சாயியைக் கூப்பிட்டாள். நாச்சாயி கதவைச் சாத்திக்கொண்டாள். "தண்ணி ஊத்தாத புள்ள, விரலை நீட்டாத!" என்று மயிலாத்தா கத்தினாள். கதவு திறக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் பந்தலில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பிஞ்சு. நாச்சாயி ஆற்றைப் பார்த்து நின்றாள். எதிரே பாறையில் மாரப்பன் இளைத்துப்போய்த் தெரிந்தான். அவள் கையைத் தூக்கினாள். பந்தல் காலில் ஈ சிறகை உதறியது.

மயிலாத்தா வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடினாள். வராதே என்று சொன்ன வாசலாயிற்றே என்று நினைக்கவில்லை. முள் சேலையைக் கிழித்தது. ஓடிப்போய், நீட்டிய விரலைப் பிடித்து மடக்கிவிட்டாள்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"பேசாம உன் கையைப் பாரு."

கிளம்பிவிட்ட ஈ நடுவழியில் தடுமாறியது. மடங்கிய விரல் எங்கே காட்டுகிறதோ அங்கே திரும்பி, நாச்சாயியின் உள்ளங்கையிலேயே வந்து உட்கார்ந்தது. இரண்டு முறை சுற்றியது. பிஞ்சைக் காணோமென்று முனகிக்கொண்டு பறந்துபோனது.

மயிலாத்தா பிளந்த பிஞ்சைக் காட்டினாள், துளையைக் காட்டினாள், முருங்கையில் தொங்கிய காயையும் காட்டினாள், விரலை மடக்கியபடி. நீட்டிய விரலைப் பிடித்து ஈ பறப்பதையும் சொன்னாள்.

"அவருக்குக் காட்டணும்னுதானே அக்கா காட்டினேன்" என்றாள் நாச்சாயி. "உங்களைப் போயி..."

"அது கெடக்கட்டும். முதல்ல வேரைச் சுத்தி வடிகால் வெட்டு. விழுந்ததையெல்லாம் பொறுக்கி நெருப்புல போடு."

வேர் மூச்சு விட்டதும் இலை மீண்டும் பச்சை கட்டியது. பந்தலில் நின்ற அந்தப் பிஞ்சும் முருங்கையில் தொங்கிய காயும் முற்றின. அடுப்புப் புகையில் தொங்கவிட்டு உலர்த்தினார்கள். ஐப்பசியில் ஒரு நாள் இரண்டையும் கட்டி மேல் வளைவில் விட்டபோது, மயிலாத்தாதான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளினாள். மாரப்பன் உச்சிவெயிலுக்குள் இக்கரை ஏறிவிட்டான். கிணற்றடிப் பெண்கள் பிள்ளைகளோடு வந்து, "அக்கா, எங்க வீட்டுப் பூசணியையும் பீர்க்கையும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க" என்று மயிலாத்தாவைச் சுற்றிக்கொண்டார்கள். அவளும் ஒவ்வொரு வீடாகப் போய், வாய்விட்டு வியந்துகொண்டே பார்த்தாள்.

சுரையோ பூசணியோ பீர்க்கோ, கொடியில் பிஞ்சைக் கண்டால் விரலை மடக்கிக் காட்டும் வழக்கம் அன்றைக்குத்தான் பிறந்தது. மஞ்சள் பட்டை போட்ட அந்த ஈயும், யாராவது மறந்துபோய் விரலை நீட்ட மாட்டார்களா என்று, பந்தல் காலில் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.