பூனை ஆணா, பெண்ணா

கோரைக்குளத்தில் விழியன் என்றோர் ஆள்காட்டிப் பறவை இருந்தது. கரையில் நரி தலைகாட்டினாலும் சரி, மனிதன் வந்தாலும் சரி, முதலில் கத்துவது அதுதான். அந்தக் கூச்சல் கேட்டால் போதும், தவளை நீருக்குள் பாயும், ஆமை ஓட்டுக்குள் அடங்கும், நீர்க்கோழி கோரைக்குள் மறையும். ஆபத்து போனபின் எல்லாம் வெளியே வந்து, "என்ன தொண்டையோ, காது கிழியுது" என்று விழியனையே திட்டும். நன்றி என்ற பேச்சே அங்கே கிடையாது.

அந்தக் குளத்துக்கு ஒரு கிளி வந்து சேர்ந்தது. ஸ்பானிய மொழி சொல்லித்தரும் வாத்தியார் வீட்டுக் கூண்டிலிருந்து தப்பி வந்த கிளி. தன் பெயர் தோன் பச்சையப்பர் என்றது. தோன் என்பது அந்த நாட்டில் பெரிய மனிதர்களுக்குப் போடும் அடைமொழியாம்.

"இந்த ஊரில் உங்களை எப்படிச் சொல்றாங்க? அது, இது. கல்லும் நீங்களும் ஒண்ணு. அஃறிணை" என்றது கிளி. "ஸ்பானிய மொழியில் அந்த அவமானமே கிடையாது. அங்கே நாற்காலிகூடப் பெண். சூரியன் ஆண். ஆண் பெயருக்கு முன்னால் எல், பெண் பெயருக்கு முன்னால் லா."

குளத்துக்கே மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. அன்றே நாவல் மரத்தடியில் வகுப்பு தொடங்கிவிட்டது.

"நான் எதுங்க ஐயா?" என்று கேட்டது ஆண் தவளை.

"லா. தவளை பெண்."

"நான் ஆம்பளைங்க."

"அது உன் சொந்த விஷயம். இலக்கணம் உன்னைப் பெண் என்கிறது."

அஃறிணையாக இருப்பதற்கு இது எவ்வளவோ தேவலை என்று தவளை ஒப்புக்கொண்டது.

"தண்ணி?" என்றது ஆமை.

"பெண். ஆனால் முன்னால் போடுவது எல்."

"அதெப்படிங்க?"

"இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் பாடம் நகராது."

பிறகு கிளி ஒரு சட்டம் போட்டது. எல், லா என்ற முன்சொல் இல்லாமல் எதையும் சொல்லக் கூடாது. சொன்னால், அது என்ன சொன்னாலும் யாரும் காதில் வாங்கக் கூடாது. தப்பான முன்சொல்லைப் போட்டாலோ, ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். அந்தத் தண்டனை பெரும்பாலும் விழியனுக்குத்தான் கிடைத்தது. நீர்க்கோழி வயிறு குலுங்கச் சிரிக்கும். விழியனுக்குச் செத்துவிடலாம் போலிருக்கும்.

அதன் மனைவி செம்மூக்கி, கரைச் சரளைக்கல் மேல் அடைகாத்துக்கொண்டிருந்தது. முட்டைகள் பொரிக்கும் பருவம்.

"முட்டை ஆணாம்" என்று பாடத்தை ஒப்பித்தது விழியன்.

"நான் இட்ட முட்டை. உள்ளே இருக்கறது எதுன்னு எனக்கே தெரியாது. கிளிக்குத் தெரிஞ்சுடுச்சா?" என்றது செம்மூக்கி. "ஏங்க, உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? பார்த்தா கத்துங்க. அதுதானே உங்க வேலை."

"உனக்கென்ன தெரியும். நாலு பேர் மதிக்க வேண்டாமா?"

மறுநாள் வகுப்பு நடக்கும்போது கோரை அசைந்தது. காட்டுப்பூனை! வயிற்றைத் தரையோடு ஒட்டி நகர்ந்து வந்தது. விழியன் அலகைத் திறந்தது. திறந்த அலகு அப்படியே நின்றது. முன்னால் எல் போடுவதா, லா போடுவதா? தப்பாகச் சொன்னால் மறுபடியும் ஒற்றைக் கால்.

"ஐயா, ஒரு சந்தேகம்" என்றது பணிவாக. "பூனைக்கு எது?"

"நல்ல கேள்வி" என்று மகிழ்ந்தது கிளி. "அதைப் பூனையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆணா, பெண்ணா?"

"முகம் மட்டும்தாங்க தெரியுது."

"அப்படியானால் பொறு. முழுசா வரட்டும்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. மீசை இருப்பதால் ஆண்தான் என்றது ஆமை. கண்ணழகைப் பார்த்தால் பெண்தான் என்றது நீர்க்கோழி. கிளி நன்றாகப் பார்ப்பதற்காகத் தாழ்ந்த கிளைக்கு இறங்கியது. பூனையும் கொஞ்சம் நின்று, தன்னைப் பற்றிய விவாதத்தைக் கேட்டுவிட்டு, மேலே நடந்தது.

வழியில் செம்மூக்கியின் கூடு. செம்மூக்கி இறக்கையை விரித்துக்கொண்டு பூனையின் முகத்துக்கு நேரே பாய்ந்து அலறியது. முன்சொல் இல்லாத அலறல். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

பூனையின் கால் கூட்டில் பட்டது. விழியன் எல்லாவற்றையும் மறந்தது. பழைய கூச்சலைப் போட்டது, காது கிழிய.

அதைக் கேட்டதும் யாரும் யோசிக்கவில்லை. உடம்பே ஓடியது. தவளையும் ஆமையும் நீரில், நீர்க்கோழி கோரையில். கிளி மட்டும், "முன்சொல் எங்கே?" என்று அதட்டியது. பூனை பாய்ந்தது. கிளியின் வால் முழுவதும் பூனையின் வாயில் போனது. மொட்டைக் கிளி உச்சிக் கிளையில் உட்கார்ந்து, "பூனை! பூனை!" என்று சுத்தத் தமிழில் கதறியது.

"ஐயா, எல்-ஆ, லா-வா?" என்று நீருக்குள்ளிருந்து கேட்டது தவளை.

பூனை போனபின் விழியன் கூட்டுக்கு ஓடியது. ஒரு முட்டை நசுங்கிக் கிடந்தது. செம்மூக்கி திட்டவில்லை, அழவுமில்லை. மற்ற முட்டைகளை வயிற்றின் கீழ் சேர்த்துக்கொண்டு சொன்னது:

"இது ஆணா பெண்ணான்னு இனி யாருக்கும் தெரியாதுங்க."

கத்த வேண்டிய நேரத்தில் கௌரவம் பார்த்து நிற்பவன், அதற்கான விலையைத் தன் வீட்டிலிருந்துதான் கொடுக்கிறான்.