அங்கயற்கண்ணியைப் பின்தொடர்ந்த நான்கு ஆசிரியர்கள்

மற்ற ஊர்களுக்கெல்லாம் போய்விட்டு, மிச்சம் மீதி புத்தி சாவகாசமாக வந்து சேர்கிற ஊர் வெள்ளோடைப்பட்டி. அங்கே பல மொழிகள் கற்பிக்கும் மாண்டிசோரி பள்ளி ஒன்றை மயிலேறும்பெருமாள் தொடங்கினார். அவரே தலைமையாசிரியர். தமிழுக்குச் செண்பகவடிவு, ஆங்கிலத்துக்கு அந்தோணிமுத்து, இந்திக்குத் துளசிமணி. மூன்று வயதிலிருந்து பதினைந்து வயதுவரை இருபத்திரண்டு பிள்ளைகள்.

நகரத்திலிருந்து வத்சலா மேடம் வந்து ஒருநாள் பயிற்சி கொடுத்தார். அங்கீகாரம் தரவேண்டியவரும் அவர்தான்.

"குழந்தையின் உயரத்துக்கு இறங்குங்கள். பிள்ளைகள் முன்னால் ஒரு ஆசிரியர் ஒரே மொழிதான் பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையைப் பின்தொடருங்கள். ஒரு மாதம் கழித்து வருவேன். இதெல்லாம் நடக்கவில்லையென்றால் பள்ளியை மூட வேண்டியதுதான்."

அன்று மாலையே மேஜை நாற்காலிகளின் கால்களை அறுத்தார்கள். கதவுத் தாழ்ப்பாளை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார்கள். பெரிய பிள்ளைகள் குனிந்து குனிந்து கதவைத் திறந்தார்கள். பணிவு கூடியிருப்பதாக மயிலேறும்பெருமாள் குறித்துக்கொண்டார். அவருக்கென்று எந்த மொழியும் ஒதுக்கப்படாததால், பிள்ளைகள் முன்னால் வாயே திறப்பதில்லை.

பின்தொடர்வதில்தான் சிக்கல். பிள்ளைகள் காதில் விழாமல் மொட்டைமாடியில் கூடினார்கள்.

"பிள்ளைங்க இருபத்திரண்டு. நாம நாலு பேர். யார் பின்னாடி போறது?" என்றார் அந்தோணிமுத்து.

"நேத்து ரித்திஷ் பின்னாடி போனேன். கொய்யா மரத்துல ஏறினான். நானும் ஏறினேன். அவன் இறங்கிட்டான். என்னை இறக்கத்தான் நாலு ஆள் வேண்டியதாப் போச்சு" என்றார் துளசிமணி.

"அப்போ இருக்கறதுலயே மெதுவா நடக்கற பிள்ளையாப் பார்த்துப் பிடிப்போம்" என்றார் செண்பகவடிவு.

நாலு வயது அங்கயற்கண்ணி தேர்வானாள். எறும்பைக் கண்டால், அது வீடு போய்ச் சேரும்வரை நின்று பார்க்கிற பிள்ளை. மாதம் முழுக்க நால்வரும் அவள் பின்னால் வரிசையாக நடந்தார்கள். அவள் நின்றால் நின்றார்கள். மற்ற பிள்ளைகளைப் பதினைந்து வயது ஜெசிந்தா பார்த்துக்கொண்டாள். வேறு யாருக்கும் நேரமில்லை.

மேடம் வருகிற நாளும் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள். அங்கயற்கண்ணி மட்டும் வரவில்லை. காய்ச்சல்.

"போச்சு! பள்ளிக்கூடத்தை மூடப்போறாங்க!" என்று மொட்டைமாடியில் தலையில் கைவைத்தார் மயிலேறும்பெருமாள். உடனே நால்வரும் அவள் வீட்டுக்கு ஓடி, கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் டீச்சர். நீங்க ஸ்கூலுக்குப் போங்க" என்றாள் அவள் அம்மா பிரமிளா.

"பாப்பா போகட்டும்மா. பின்னாடியே போயிடறோம்" என்றார் செண்பகவடிவு.

துளசிமணிக்குத் தாகம். இந்தியில் தண்ணீர் கேட்டார். பிரமிளா விழித்தாள். அந்தோணிமுத்து ஆங்கிலத்தில் நீளமாக விளக்கினார். இன்னும் விழித்தாள்.

"ஏன் துளசியக்கா, நேத்து சந்தையில வெண்டைக்காய்க்குத் தமிழ்லதானே சண்டை போட்டீங்க?"

"அது சந்தை. இங்க குழந்தை இருக்கு" என்றார் செண்பகவடிவு.

"சரி, அவங்களுக்கு என்னதான் வேணுமாம்? நீங்களாவது சொல்லுங்களேன்."

"அவங்க கேட்டது இந்தியில. நான் தமிழ் டீச்சர். நான் எப்படிச் சொல்றது?"

துளசிமணி தாகத்தோடு இருந்தார். சற்று நேரத்தில் குழந்தை தூங்கிவிட்டது. பின்தொடர வேண்டுமே என்று நால்வரும் தூங்கினார்கள்.

அதே நேரம் பள்ளிக்கு வந்த வத்சலா மேடம் ஆசிரியர் ஒருவரையும் காணவில்லை. ஜெசிந்தா மணிச்சரங்களை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு எண்ணக் காட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் மூன்று மொழிகளில் சண்டை போட்டு, மூன்று மொழிகளிலும் சமாதானமானார்கள். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. 'ஆசிரியர்கள் இருப்பதே தெரியாமல் பிள்ளைகள் தாமாகக் கற்கிறார்கள். நான் பார்த்ததிலேயே சிறந்த பள்ளி' என்று எழுதி, ஓராண்டுக்கு அங்கீகாரம் கொடுத்துவிட்டுப் போனார்.

நால்வரும் அந்தக் காகிதத்தோடு மொட்டைமாடி ஏறினார்கள்.

"இது எதனால கிடைச்சுது?" என்றார் மயிலேறும்பெருமாள்.

"மாசம் பூரா நடந்தோம். அதை மேடம் பார்க்கவே இல்லை. அன்னைக்குப் புதுசா நடந்தது காய்ச்சல் ஒண்ணுதான்" என்றார் அந்தோணிமுத்து.

"அப்போ காய்ச்சல்தான்."

மயிலேறும்பெருமாள் அதையும் குறித்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு மேடம் வருகிற நாளன்று, நால்வரும் காலையிலேயே பிரமிளா வீட்டில் நின்றார்கள். அங்கயற்கண்ணி இட்லி தின்றுகொண்டிருந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஜில்லென்று இருந்தது. அவள் கையைக் கழுவி, பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

"பள்ளிக்கூடம் போச்சே!" என்று சுவரில் சாய்ந்தார் மயிலேறும்பெருமாள்.

"பதறாதீங்க சார். படுங்க" என்றார் செண்பகவடிவு.

அந்தக் குட்டிக் கட்டிலில் தலைமையாசிரியர் காலை மடக்கிப் படுத்தார். துளசிமணி நெற்றியில் ஈரத்துணி போட்டார். அந்தோணிமுத்து தெர்மாமீட்டரை அவர் வாயிலிருந்து எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னும் நார்மல்தான் சார். கொஞ்சம் முயற்சி பண்ணுங்க. மேடம் வர ஒரு மணி நேரம்தான் இருக்கு."