பழசில் இல்லாதது புதுசில் தெரியக் கூடாது

மட்டிக்குளம் பால் சங்கத்தில் யார் எந்த வேலைக்கும் லாயக்கில்லை என்று முடிவாகிறதோ, அவரைக் கணினி அறைக்கு மாற்றிவிடுவது வழக்கம். ஏசி அறை என்பதால் இதுவரை யாரும் மறுத்ததில்லை. அப்படி வந்து சேர்ந்தவர்கள் ஆவுடையப்பன், இன்னாசி, ஞானதீபம் ஆகிய மூவர். முதலில் வந்தவர் ஆவுடையப்பன் என்பதால் அவரே சூப்பர்வைசர்.

அறையில் மூன்று கணினிகள் இருந்தன. பாலை எடைபோட்டு, கணக்கு வைத்து, குளிர்தொட்டியின் குழாயைத் திறந்துவிடுவது அவற்றில் எதுவும் அல்ல; அவற்றுள் ஏதாவது ஒன்றில் உட்கார்ந்து ஓடும் மெய்நிகர் கணினி. அதற்கு உடம்பு கிடையாது. ஓடுகிற ஓட்டத்திலேயே அதை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம், தூங்குகிற குழந்தையைத் தொட்டில் மாற்றுவது போல. மூவரும் அதை மரியாதையாகக் 'குடித்தனக்காரர்' என்று அழைத்தார்கள்.

குடித்தனக்காரர் நின்றால் குழாய் திறக்காது. பால் வெயிலில் காத்துக் கிடக்கும். போன கோடையில் ஒருமுறை அப்படி நடந்தது. மறுபடி நடந்தால் ஆவுடையப்பனைச் சாண எரிவாயுக் கூடத்துக்கு அனுப்பிவிடுவதாகச் சங்கத் தலைவர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து ஆவுடையப்பனுக்குச் சோற்றிலும் சாண வாடை அடித்தது.

ஒரு நாள் மத்தியானம் சென்னையிலிருந்து ரெஜினா மேடம் போன் செய்தார். கணினிகளை விற்ற கம்பெனியின் நிபுணர்.

"சார், உங்க கணினிகளோட ப்ராசஸர்ல ஒரு பலவீனம் இருக்கு. திருடன் உள்ளே எட்டிப் பார்க்கலாம். ஒரு திருத்தம் அனுப்பியிருக்கேன், மூணுலயும் போட்டுடுங்க. ஆனா ஒண்ணு, திருத்தம் போட்டதுல ஏறிட்டா உங்க மெய்நிகர் கணினி, போடாததுக்குத் திரும்பிப் போகாது. அதனால வேலை முடியற வரைக்கும், ரொம்பப் பழசுல என்ன இருக்கோ அதை மட்டும்தான் மத்ததும் காட்டணும். பழசுல இல்லாத எதுவும் புதுசுல தெரியக் கூடாது."

"புரிஞ்சது மேடம்," என்றார் ஆவுடையப்பன். அவர் வாழ்க்கையில் எத்தனையோ சங்கடங்கள் இந்தச் சொல்லில்தான் தொடங்கின.

மூன்றாவது கணினி புதியது, காலியாகவும் இருந்தது. அதில் திருத்தத்தைப் போட்டுக் குடித்தனக்காரரை அங்கே ஏற்றினார்கள். சுகமாக ஏறினார். சரிபார்ப்பதற்காகப் பழைய கணினிக்கே திருப்பி அனுப்பினார்கள். 'பொருந்தவில்லை' என்று திரையில் சிவப்பு எழுத்து வந்தது.

மற்ற இரண்டும் அப்போது காலி. அவற்றிலும் திருத்தத்தைப் போட்டிருந்தால் டீ குடிக்கப் போயிருக்கலாம். ஆனால் எதையும் ஆராயாமல் செய்கிறவர்கள் அல்லர் அவர்கள்.

"மேடம் சொன்னாங்கல்லா அண்ணாச்சி," என்றான் இன்னாசி. "பழசுல இல்லாதது புதுசுல தெரியுது. அதான் போக மாட்டேங்காரு."

மூன்று கணினிகளையும் சுற்றி வந்து பார்த்தார்கள். பழையதற்கு மூடி இல்லை; மற்றவற்றின் மூடிகளைக் கழற்றினார்கள். பழையதில் பளபளப்பு இல்லை. மற்றவற்றின் மேல் விபூதியைக் குழைத்துப் பூசினார்கள். சிவப்பு எழுத்து போகவில்லை.

ஞானதீபம் டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். "அண்ணாச்சி, பழசுக்குள்ள ஒரு பல்லி இருக்கு."

"புதுசுல?"

"இல்ல."

ஆவுடையப்பன் நெற்றியைத் தடவினார். "பழசுல இல்லாததுதான் புதுசுல தெரியக் கூடாது. பழசுல இருக்கிறது புதுசுல இல்லாட்டி என்ன?"

"'பழசுல என்ன இருக்கோ அதை மத்ததும் காட்டணும்'னும் சொன்னாங்களே," என்றாள் ஞானதீபம்.

"அப்போ இன்னும் ரெண்டு பல்லி வேணும்."

"அதே வயசுலயா அண்ணாச்சி?"

இந்தக் கேள்வி சிறிது நேரம் விவாதிக்கப்பட்டது. கடைசியில், இருக்கிற ஒன்றையும் விரட்டிவிட்டால் மூன்றும் சமமாகிவிடும் என்று இன்னாசி சொன்னான். விரட்டினார்கள். பல்லி முதல் கணினியிலிருந்து இரண்டாவதற்கும், அங்கிருந்து மூன்றாவதற்கும், திரும்ப முதலாவதற்கும் போய் வந்தது. அதற்கு எங்கேயும் சிவப்பு எழுத்து வரவில்லை.

"அதுக்கு எப்படிப் பொருந்துது?" என்று பொறாமையோடு கேட்டாள் ஞானதீபம்.

"திருத்தத்தை எடுத்துருவோமா அண்ணாச்சி? மூணும் ஒண்ணாயிரும்," என்றான் இன்னாசி.

"திருடன் எட்டிப் பாப்பாம்லே."

"அப்போ இருக்கட்டும்."

"இருந்தா பொருந்தாதே."

ஆவுடையப்பன் கண்ணை மூடி யோசித்தார். திருடனும் வரக் கூடாது, மூன்றும் ஒரே மாதிரியும் இருக்க வேண்டும். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. எழுந்து போய் மூன்று கணினிகளின் சுவிட்சையும் அணைத்தார்.

"இப்போ எந்தத் திருடன் என்னத்தைப் பாப்பான்? எதுக்கும் எதுக்கும் என்ன வித்தியாசம்?"

இன்னாசி கை தட்டினான். அன்று முதல்முறையாக ஆவுடையப்பனுக்கு மனசு லேசானது.

அது லேசாக இருந்தது வெளியே ஹாரன் அடிக்கும் வரைதான். பால் ஏற்றி வந்த நான்கு வண்டிகள் குழாய் திறக்காமல் வெயிலில் நின்றன. முதல் வண்டியின் டிரைவர் செல்லையா ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, என் வண்டிப் பால் திரிஞ்சு போச்சு! மத்த மூணு வண்டியும் இன்னும் நல்லாத்தான் இருக்கு. சீக்கிரம் ஏதாவது செய்யுங்க. தலைவர் வேற ஜீப்பு எடுத்துட்டுப் புறப்பட்டுட்டாராம்!"

ஆவுடையப்பனின் மூக்கில் எரிவாயுக் கூடம் வந்து போனது. ஆனாலும் அனுபவஸ்தர் அல்லவா? வண்டிகளை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

"ஒண்ணு ஒரு மாதிரி, மூணு வேற மாதிரி. இதுதாம்லே கோளாறு," என்றார். "ஞானதீபம், கேன்டீன்ல போயி பெரிய கரண்டியா ஒண்ணு வாங்கிட்டு வா தாயி."

தலைவரின் ஜீப் வாசலில் நுழைந்தபோது, செல்லையா வண்டியின் திரிந்த பாலை ஆவுடையப்பன் மற்ற வண்டிக் கேன்களில் கேனுக்கு ஒரு கரண்டி வீதம் ஊற்றிக் கலக்கி முடித்திருந்தார். தலைவர் இறங்கினார். கேன்களைப் பார்த்தார்.

"இனிமே கவலையே இல்லை ஐயா," என்றார் ஆவுடையப்பன், கரண்டியைத் துடைத்தபடி. "எந்தக் கேன்ல இருந்து எந்தக் கேனுக்கு வேணும்னாலும் ஊத்தலாம். பொருந்தலைன்னு ஒரு கேன் சொல்லாது."