சுவருக்குள் இருந்தவள்

குன்னூர்ச் சரிவில், பாதி நாள் பனிக்குள்ளேயே கிடக்கும் ஒரு வீடு. அதன் சுவருக்குள், யார் கண்ணிலும் படாமல், ஒல்லியான ஒயர் ஒருத்தி குடியிருந்தாள். வாசல் விளக்கு ஒன்றை எரிப்பதற்காக வந்தவள் அவள். படுக்கையறைச் சுவரில் நீளம் போதாமல், இன்னொரு துண்டை முறுக்கி, டேப் சுற்றி, மேலே சிமெண்டு பூசிவிட்டார்கள். அந்த ஒட்டு அவளுக்கு ஆறாத புண். ஆனாலும் ஒரு விளக்கு என்ன பெரிய சுமை? காலம் ஓடியது.

அவளுக்குக் காவலாக மெயின் போர்டில் ஒரு டிரிப்பர் இருந்தான். சுமை பத்து ஆம்பியரைத் தாண்டினால் போதும், பட்டென்று விழுந்து கரண்டை நிறுத்திவிடுவான். சின்ன உருவம், மூக்கு நுனியில் கோபம்.

ஒருநாள் வீட்டுக்காரர் பெர்க்மான்ஸ் மின்சாரக் கார் வாங்கிவந்தார். வாசல் விளக்குக்குப் பக்கத்திலேயே ஒரு பிளக் வைத்து, அதில் காரைச் சொருகினார்.

கார் உறிஞ்சத் தொடங்கியது. ஒயருக்கு மூச்சு முட்டியது. கொஞ்ச நேரத்தில் டிரிப்பர் விழுந்தான்.

“யாருய்யா அது, சாப்பிடும்போது தட்டைப் பிடுங்கறது?” என்றது கார்.

“நான்தான். உன் பசிக்கு எங்க அக்கா உடம்பு தாங்காது.”

“ஒத்த விளக்குக்குக் காவல் இருந்தவன் பேசற பேச்சைப் பாரு!”

பெர்க்மான்ஸ் தூக்கிவிடத் தூக்கிவிட, அவன் விழுந்துகொண்டே இருந்தான். நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்.

“காருக்குத் தனி லைன் இழுக்கணும் சார். தடிச்ச ஒயர், நல்ல எர்த்து, எல்லாம் புதுசா. செவுத்தை உடைக்கணும்” என்றார் அவர்.

பெர்க்மான்ஸின் மனைவி ஜெசிந்தா, இடுப்பில் இருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். “உடைக்கிறதா? ஐயோ, வேணாங்க. இவனுக்கு ஏற்கெனவே இழுப்பு. அந்தத் தூசி நெஞ்சில போய் உக்காந்துச்சுன்னா?”

“வேற வழி இல்லையா?” என்றார் பெர்க்மான்ஸ்.

“டிரிப்பரைப் பெருசா மாத்தினா விழாது. ஆனா சார்…”

“அதையே செஞ்சிடுங்க.”

திருகாணி கழலும்போது பழைய டிரிப்பர் சொன்னான்: “அக்கா, நீ கத்தினா மனுஷங்க காதுல விழாது. நான் விழுந்தாத்தான் விழும். இனிமே என்ன பண்ணப் போற?” அவள் பதில் சொல்வதற்குள் அவன் குப்பைக்கூடையில் கிடந்தான்.

புதியவன் முப்பத்திரண்டு ஆம்பியர்க்காரன். வந்ததும் நெஞ்சை நிமிர்த்தினான். “எவ்வளவு வேணும்னாலும் வரட்டும், நான் தாங்குவேன்.”

“நீ தாங்குவ தம்பி. நான்?”

“எனக்கு ஒண்ணும் வலிக்கலையே!”

கார் இடைஞ்சல் இல்லாமல் குடித்தது. “இப்பத்தான் வீடு வீடா இருக்கு” என்று பெர்க்மான்ஸ் சிரித்தார். சுவருக்குள் ஒட்டு கனன்றது. டேப் இளகியது, மேல்தோல் பொரிந்தது. இதோ நிற்கும், இதோ நிற்கும் என்று போர்டின் பக்கமே காது வைத்து ஒயர் காத்திருந்தாள். புதியவன் அசையவே இல்லை. அவளிடம் மிச்சமிருந்த ஒரே பேச்சு சூடுதான். சிமெண்டைத் தாண்டி, பெயிண்டைத் தாண்டி, அதை வெளியே அனுப்பினாள். யாராவது தொடமாட்டார்களா?

மழை விடாத ஒரு சாயங்காலம், படுக்கையறைச் சன்னலைச் சாத்த வந்த ஜெசிந்தாவின் கை சுவரில் பட்டது. எடுத்த கையை மறுபடி வைத்தாள். உள்ளங்கை முழுவதும் பதிய, வெகுநேரம் வைத்திருந்தாள்.

கேட்டுவிட்டாள்! ஒயருக்கு உயிர் வந்தது. ஒரு தாயின் கைக்குத் தெரியாதா?

“என்னங்க, இங்க வாங்களேன்!” ஜெசிந்தாவின் குரலில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு நிம்மதி. “வீடே ஜில்லுனு கிடக்கு, இந்த இடம் மட்டும் எப்படிக் கதகதன்னு இருக்கு பாருங்க. பிள்ளையோட கட்டிலை இப்படி ஒட்டிப் போட்டுடுங்க.”