திருப்பிப் போட்ட அம்புக்குறி

முதலில் ஒரு விடுகதை. வெயில் அடித்தாலும் சுடாத சுவர். மழை பெய்தாலும் நனையாத கூரை. நூறு பேர் இருந்தாலும் ஒருவருக்கும் வேர்க்காத அறை. அது என்ன கட்டடம்?

அவசரம் இல்லை. யோசித்துக்கொண்டே வாருங்கள்.

ஹாஜிரா என்ற பொறியாளரிடம் ஒரு சீடர் இருந்தார். பெயர் சவரிமுத்து. சீடருக்கு வயது ஐம்பத்து நான்கு, குருவுக்கு முப்பத்தேழு. முப்பது வருடம் காகிதத்தில் கட்டடம் வரைந்தவர் சவரிமுத்து. கம்ப்யூட்டருக்குள் அதை முழு உருவமாக எழுப்புவதைத் தானாகவே படித்துக்கொண்டார். அந்தக் கட்டடம் எவ்வளவு வெயிலை உள்ளே விடும், எவ்வளவு மின்சாரம் தின்னும், அரசின் எரிசக்தி விதிக்குள் அடங்குமா என்று கணக்கிடுவதை ஹாஜிராவிடம் கற்றார். இரண்டு வருடம் ஆயிற்று. பரீட்சை எழுதித் தேறிவிட்டார். இனிமேல் சான்றிதழில் அவரே கையெழுத்துப் போடலாம்.

முதல் சான்றிதழ் ஓர் ஆரம்பப் பள்ளிக்கு. அவரே வரைந்த கட்டடம். ஆறு வகுப்பறைகள், திங்கட்கிழமை திறப்பு விழா. அதுவரை பிள்ளைகள் பக்கத்தில் தகரக் கொட்டகையில் படித்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் மடிக்கணினியை ஹாஜிராவின் மேஜைமேல் வைத்தார்.

“எல்லாம் பச்சை மேடம். சுவர் பாஸ், கூரை பாஸ், ஜன்னல் பாஸ். ஒரு சிவப்பு கிடையாது. கையெழுத்துப் போடட்டுமா?”

“போடுங்கண்ணே. பள்ளிக்கூடத்துல வச்சுப் போடுங்க. நாலு மணிக்கு நானும் வாரேன்.”

“கட்டடம் முழுசும் இதுக்குள்ள இருக்கே மேடம். கதவுக் கைப்பிடியைக்கூட விடலை.”

“அப்ப அதோட பேனாவை மட்டும் எடுத்துக்கோங்க.”

ஒன்றாம் வகுப்பு அறையில் புது வார்னிஷ் வாசனை அடித்தது. ஜன்னலோர பெஞ்சுகளில் வெயில் விழுந்து கிடந்தது. ஹாஜிரா அதில் ஒன்றைக் காட்டினார்.

“இங்க உட்கார்ந்து போடுங்க.”

சவரிமுத்து முழங்காலை மடக்கி அந்தச் சின்ன பெஞ்சில் உட்கார்ந்தார். மடிக்கணினியைத் திறந்தார். வெயிலில் திரை மங்கிக் கிடந்தது. பச்சை தெரியவில்லை, சுவர் தெரியவில்லை. அவருடைய முகம் மட்டும் தெரிந்தது. அப்படித் திருப்பினார், இப்படித் திருப்பினார். கழுத்தில் வேர்வை இறங்கியது.

விடுகதைக்கு விடை தெரிந்திருக்கும். அந்தக் கட்டடத்தைத்தான் அவர் மடியில் வைத்திருந்தார்.

“இங்க வெயிலே இருக்காது மேடம்” என்றார். “இது தெற்கு ஜன்னல். ஜூன் மாசம் தெற்கே வெயில் வராது. மேல ரெண்டடி சன்ஷேடு வேற இருக்கு. மாடல்ல ஒரு விரல் அகலம்கூட வெயில் இல்லை.”

“அதைச் சூரியன்கிட்ட சொல்லிப் பாருங்க.”

சவரிமுத்து சிரிக்கவில்லை. பையிலிருந்து பழைய வரைபடத்தை எடுத்து விரித்தார். மூலையில் இருந்த வடக்கு அம்புக்குறியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“நான்தான் திருப்பினேன்” என்றார்.

ஹாஜிராவும் குனிந்து அம்புக்குறியைப் பார்த்தார்.

“ரோடு தெற்கே இருக்கு. வாசல் அங்கதான் வரும். பம்பாயில இருக்கிற டிரஸ்டி ஒருத்தர், தெற்கு வாசல்னா ஒத்துக்கவே மாட்டேன்னுட்டாராம். தாளாளர் எங்க வீட்டுக்கே வந்துட்டார். ‘அம்பை மட்டும் திருப்பி விடுங்க, வாசல் கிழக்குன்னு வந்துரும். காகிதம்தானே சார், கட்டடமா திரும்பப் போகுது?’ன்னார். திருப்பிக் கொடுத்தேன். அந்தப் படத்தையே அடியில வச்சுத்தான் மாடலையும் எழுப்பியிருக்கேன். ஒன்றரை வருசம் ஆச்சு. மறந்தே போச்சு.”

“அப்ப இது எந்த ஜன்னல்?”

“மேற்கு.”

அவர் எழுந்து, நிழல் இருந்த வராந்தாவுக்குப் போனார். மாடலில் அம்புக்குறியைச் சரியான திசைக்குத் திருப்பினார். கணக்கை மறுபடி ஓட விட்டார். திரும்பி வந்து ஜன்னலருகே நின்றார். உட்காரவில்லை.

“மூணு வரி சிவப்பு மேடம்.”

“என்ன செய்யணும்?”

“சாயங்கால வெயில் சாய்வா வருது. சன்ஷேடு தடுக்காது. ஜன்னலுக்கு வெளியே நெட்டுக்குத் தடுப்புப் பலகை வைக்கணும். ஒரு மாசம் ஆகும்.” தகரக் கொட்டகைப் பக்கம் பார்த்தார். “ஆனா மேடம், கொட்டகை இதைவிடச் சூடு. நான் கையெழுத்துப் போட்டா திங்கக்கிழமையே பிள்ளைங்க இங்க வந்துரும். போடலைன்னா இன்னும் ஒரு மாசம் தகரத்துக்குக் கீழ கிடக்கணும். தப்புச் செஞ்சது நான். வெந்து சாகிறது அதுகளா?”

“போட்டுட்டா, பலகை எப்ப வரும்?”

சவரிமுத்து யோசித்தார். தாளாளரின் முகத்தை நினைத்துப் பார்த்திருப்பார்.

“சர்டிபிகேட் கைக்குப் போயிட்டா... வராது.”

“ம்.”

“நான் என்ன செய்யட்டும்? நீங்க சொல்லுங்க மேடம். நீங்க சொன்னா செய்றேன்.”

“நானும் இங்க உட்காரப் போறதில்லை. நீங்களும் உட்காரப் போறதில்லை.”

அப்போது பள்ளி விடும் மணி அடித்தது. பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு சிறுமி வாசலில் எட்டிப் பார்த்தாள்.

“உள்ள வா. உன் பேர் என்ன?” என்றார் ஹாஜிரா.

“மாரிச்செல்வி. ஒண்ணாப்பு. என் பெஞ்சைப் பார்க்க வந்தேன்.”

“எது உன் பெஞ்சு?”

சவரிமுத்து உட்கார்ந்திருந்த அதே பெஞ்சைக் காட்டினாள். “டீச்சர் சொல்லிட்டாங்க. நானும் இன்னும் மூணு பேரும். முதல்ல வாரவங்க பிடிச்ச இடத்துல உட்காரலாம்.”

“நீதான் முதல்ல வந்திருக்கே. பிடிச்ச இடத்துல உட்காரு.”

சிறுமி பெஞ்சைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். பெஞ்சு முழுவதும் வெயில் கிடந்தது. ஜன்னலருகே நின்ற சவரிமுத்துவின் நிழல் மட்டும் அதன் ஒரு முனையில் விழுந்திருந்தது. அவள் அந்த முனையில் போய் உட்கார்ந்தாள்.

சவரிமுத்துவின் போன் அடித்தது. தாளாளர். அவர் அசையாமல் நின்றபடியே பேசினார்.

“இல்லை சார், கையெழுத்துப் போடலை. திங்கக்கிழமை வேண்டாம்... ஆமா, அம்புக்குறிதான். திருப்பினது என் கை சார். டிரஸ்டிகிட்ட நானே சொல்றேன். கொட்டகை மேல போட இன்னைக்கே கீத்துக்குச் சொல்லிருங்க.”

போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். பேனாவையும் போட்டார். வெளியே போக ஓரடி நகர்ந்தார்.

மாரிச்செல்வி பெஞ்சில் சறுக்கி, ஓரடி தள்ளி, அவருடைய நிழலுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டாள்.